தாம்பூலப் பையில் போன நூலகம்

இந்தக் கதையை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கோயில் கமிட்டித் தலைவரைக் கேட்டால் எல்லாம் தன்னுடைய யோசனை என்பார். மாதா கோயில் பேண்டு மாஸ்டரைக் கேட்டால், தான் டிரம்பெட் ஊதாவிட்டால் ஒரு துரும்பும் அசைந்திருக்காது என்பார். ரெண்டு பேரும் நல்ல மனுஷர்கள்தான். பொய் சொல்கிற ஆளுகள் இல்லை. ஆனால் ரெண்டு பேர் சொல்லுகிற கதையிலும் என்னுடைய பங்கு ஒரு கரண்டி அளவுக்குத்தான் வருகிறது. நான் என்ன கரண்டியா? அண்டா! அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டிப் பக்கமாக வருகிற ரோட்டில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, "பாத்திரக்கார அம்மா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஊரே கை காட்டும். நான் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். வாக்கப்பட்டு வந்த வீட்டில் ஒரே ஒரு பித்தளை அண்டா கிடந்தது. தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அதை இரவல் வாங்கிப் போவார்கள். போகும்போது அண்டாவாகப் போகும், வரும்போது அப்பளமாக நசுங்கி வரும். ஒரு நாள் வாசலில் நின்று, "இனிமே இரவல் கிடையாது. வாடகைதான்" என்று சொல்லிவிட்டேன். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இன்றைக்கு அதே ஊருக்கு நடுவில் எனக்கு ரெண்டு குடோன், ஒரு குட்டியானை வண்டி, மேசை, நாற்காலி, ஜமுக்காளம், பந்தல் சாமான், மைக் செட்டு எல்லாம் இருக்கிறது. தாம்பூலப் பை வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் என் அண்டாவில் வேகாத சோறு இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் எல்லோரும் கூடுகிற இடம் மூன்று. ஒன்று, அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற கலையரங்கம். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் இரும்பு ஷட்டர், பின்னால் நாடகக்காரர்கள் வேஷம் கட்டுகிற அறை. திருவிழாவுக்குத் திறப்பார்கள், மற்ற நாளில் வாழைத்தாரும் புறாவும்தான் குடியிருக்கும். வாழைத்தார் யாருடையது என்றால் கமிட்டித் தலைவருடையது, அவர் வாழைக்காய் வியாபாரி. இரண்டாவது, மாதா கோயில் வளாகத்தில் இருக்கிற பேண்டு ரூம். பேண்டு மாஸ்டருக்குத் திராட்சைத் தோட்டம். பகலில் கொடிக்கு மருந்தடிப்பார், சாயங்காலம் டிரம்பெட் ஊதிப் பழக்குவார். மூன்றாவது, பஸ் ஸ்டாப்பை ஒட்டினாற்போல் இருந்த கிளை நூலகம்.

அம்மன் திருவிழாவுக்கு மாதா கோயில் பேண்டு வரும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கோயில் கலையரங்கத்தில் இருந்து திரைச்சீலை போகும். வசனம் எழுதுகிறவர்கள் ரெண்டு பக்கத்தவர்களும் நூலகத்தில்தான் உட்கார்ந்து எழுதுவார்கள், ஃபேன் அங்கேதான் நன்றாகச் சுற்றும். நாற்காலி எல்லாருக்கும் என்னிடமிருந்து. இப்படி ஒருவருக்கொருவர் வாங்கியும் கொடுத்தும்தான் எங்கள் ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பிள்ளை. தற்காலிக வேலைதான், ஆனால் காலையில் அவளே கூட்டிப் பெருக்கி, பேப்பரை விரித்து வைத்து, எந்தக் கிழவருக்கு எந்தப் பக்கம் முதலில் வேண்டும் என்று தெரிந்து மடித்து வைப்பாள். போலீஸ் பரீட்சை, குரூப் பரீட்சை என்று படிக்கிற பிள்ளைகளுக்காக மதியச் சாப்பாட்டுக்குக்கூட மூடமாட்டாள். மூலையில் உட்கார்ந்து சத்தம் வராமல் முருங்கைக்காய் சாப்பிடத் தெரிந்த ஒரே மனுஷி அவள்தான்.

அந்த வருஷம் ஆடிக்காற்று எங்கள் பள்ளத்தாக்கில் பேயாட்டம் ஆடியது. மலையில் இருந்து சாரலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. நூலகத்து மேற்கூரை ஊறி, காரை பெயர்ந்து, பத்திரிகை மேசையில் பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, அந்த நேரம் டீக்கடையில் பஜ்ஜி போட்டிருந்ததால் மேசையில் ஒருத்தரும் இல்லை.

மறுநாள் அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"பெரியம்மா, கட்டடத்தைப் பூட்டச் சொல்லிட்டாக. ஊருக்குள்ள வாடகை இல்லாம வேற எடம் கெடச்சா கிளை இங்கனயே நடக்குமாம். இல்லைன்னா புத்தகம் பூராவும் டவுனுக்குப் போயிருமாம். திங்கக்கிழம ஆபீஸர் வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவாகளாம்."

"டவுனுக்குப் போனா நீயும் டவுனுக்குப் போயிற வேண்டியதுதானத்தா?"

"அங்கன ஏற்கெனவே ஆள் இருக்கு பெரியம்மா. எனக்கு வேலை அம்புட்டுதான்."

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்த பில் புத்தகத்தை மூடினேன். உடனே ரெண்டு பெரிய மனுஷர்களுக்கும் போன் போட்டேன். ரெண்டு பேரும் வந்தார்கள். பிறகு என் கடை வாசலிலேயே ரெண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. இடம் தரமாட்டேன் என்று இல்லை, நான்தான் தருவேன் என்று சண்டை!

"புத்தகம் பூராவும் எங்க கலையரங்கத்துக்கு வரட்டும்" என்றார் கமிட்டித் தலைவர்.

"உங்க கலையரங்கத்துல வாழைத்தார் வச்சிருக்கீக. புத்தகத்துல பழ ஈ மொய்க்கும். எங்க பேண்டு ரூமுல மர அலமாரி இருக்கு, கண்ணாடிக் கதவு போட்டது" என்றார் மாஸ்டர்.

"அதுக்குள்ள டிரம்மை வச்சு டமடமன்னு அடிப்பீக. அங்கன உக்காந்து எவன் படிப்பான்? போலீஸ் பரீட்சைக்குப் போறவன் காதுகேக்காம திரும்பி வருவான்."

"ஆமா, உங்க புறா மட்டும் அமைதியா தியானம் பண்ணுதாக்கும்!"

அந்தப் பிள்ளை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து முழித்தது. நான் எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்றால் கூட்டம் அடங்கும், அது எனக்குள்ள ராசி.

"கொழுந்தனாரே, எடம் உங்களுது. வாழைத்தாரைத் தூக்குங்க. மாஸ்டர் தம்பி, அலமாரி உங்களுது, அங்கன இருந்து இங்கன வரட்டும். மேசை, நாற்காலி, லைட்டு, வண்டி எல்லாம் என்னுது. முடிஞ்சுபோச்சா?"

முடிந்துபோயிற்று. கமிட்டித் தலைவர் எனக்குக் கொழுந்தன் முறை. வேறு யார் சொன்னாலும் ஒரு மணி நேரம் பேசுவார், மதினி சொன்னால் தலையைச் சொறிவார்.

அதோடு விட்டிருந்தால் வண்டியில் ஏற்றி இறக்கிச் சாதாரணமாக முடிந்திருக்கும். ஆனால் டீ குடித்துக்கொண்டே மாஸ்டர் ஒரு பேச்சைப் போட்டார்: "அக்கா, நம்ம ஊர் நூலகம் வீடு மாறுது. சும்மா வண்டியிலயா அனுப்புறது?"

எனக்குப் பொறி தட்டிவிட்டது. "பின்ன? சீர் வச்சு அனுப்புவோம்!" என்றேன்.

எங்கள் பக்கத்தில் சீர் என்றால் சும்மா இல்லை. தாய்மாமன் சீர் வருகிறது என்றால் ரோடு அடைத்துக்கொண்டு வரும். தாம்பாளத்தைத் தலையில் வைத்துப் பெண்கள் முன்னால் போக, பேண்டு வாசிக்க, வேட்டு வெடிக்க, பஸ்ஸெல்லாம் ஓரமாக நிற்கும். நூலகத்துக்குச் சீர் என்றதும் ஊர் துள்ளிக் குதித்தது. அவரவர் வீட்டில் சொந்தக்காரர்களுக்கு வேறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வருகிறார்கள், அல்லிநகரத்திலிருந்து வருகிறார்கள். "யாருக்குக் காதுகுத்து?" என்று கேட்டால், "புத்தகத்துக்கு" என்கிறார்கள். கேட்டவரும் "சரி, வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டார்! எங்கள் ஆட்களுக்குப் பேண்டும் சாப்பாடும் இருந்தால் போதும், என்ன விசேஷம் என்பது அப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புத்தகம் கட்ட உட்கார்ந்தோம். அட்டைப்பெட்டி தேடினால் ஊரில் கிடைப்பதெல்லாம் திராட்சை கட்டுகிற பெட்டி, ஈரமும் பிசுக்குமாக. "புத்தகத்துல கறை பட்டா என் தலை போயிரும் பெரியம்மா" என்றாள் அந்தப் பிள்ளை. நான் குடோனைத் திறந்தேன். மஞ்சள் துணியில் தைத்த தாம்பூலப் பைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. "இதுல போடுங்க, பைக்கு மூணு நாலு. தூக்கவும் லேசு, பாக்கவும் லெட்சணம்."

என் கடையில் கல்யாண வரவேற்புக்கு நிற்கிற அக்காள் தங்கச்சி ரெண்டு பேர் இருக்கிறார்கள். பன்னீர் தெளிப்பது, சந்தனம் கொடுப்பது, கடைசியில் வாசலில் நின்று போகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. வேலையில் ஒரு குறை வைக்கமாட்டார்கள். பை கட்ட அவர்கள்தான் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காக்காரி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏக்கா, வெறும் பையா இருக்கே. நல்லாவா இருக்கு? மேல ரெண்டு வெத்தல, பாக்கு, ஒரு தேங்கா வச்சிருவமா?"

"வைங்கடி. மங்களமா இருக்கட்டும்."

ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் மாதா கோயில் பேண்டு, சிவப்புச் சட்டை, தங்க ஜரிகை. மாஸ்டர் கன்னம் ரெண்டும் பூசணிக்காயாக உப்ப ஊதுகிறார். பின்னால் பெண்கள், தலையில் தாம்பாளம், தாம்பாளத்தில் மஞ்சள் பை. குலவை போட்ட சத்தத்தில் கலையரங்கத்துப் புறாக்கள் அடுத்த ஊருக்கே போய்விட்டன. ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "மாப்பிள்ள எங்கன?" என்றார். "பைக்குள்ள இருக்காரு!" என்று யாரோ கத்தினார்கள். கமிட்டித் தலைவர் கலையரங்கத்து வாசலில் பட்டு வேட்டி கட்டி நின்று, ஆரத்தித் தட்டோடு எதிர்கொண்டார். புத்தகத்துக்கு ஆரத்தி எடுத்த ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

பைகளை எல்லாம் வாசலுக்கு உள்பக்கம் என் மேசைகளில் வரிசையாக அடுக்கினோம். அந்தப் பிள்ளை பின் அறையில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தது, சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பையாகப் பிரித்து அடுக்கலாம் என்று. பந்தி போட்டோம். என் அண்டாவில் கேசரி, என் அண்டாவில் சாம்பார் சாதம். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். நான் பந்திக்கும் அடுப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் உதட்டுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு ஜனங்கள் கிளம்பினார்கள். வாசலில் அந்த வரவேற்பு அக்காள் தங்கச்சி ரெண்டு பேரும் பட்டுச்சேலை கட்டி நின்றார்கள். பக்கத்தில் மேசை. மேசை மேல் மஞ்சள் பை. பையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய். இத்தனை வருஷமாக அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்களோ அதையே செய்தார்கள். கும்பிட்டுக் கும்பிட்டு, சிரித்துச் சிரித்து, போகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை.

கூட்டம் கலைந்தது. அந்தப் பிள்ளை கையில் துணியோடு வெளியே வந்தது.

"பெரியம்மா, பையெல்லாம் எங்கன?"

நான் மேசையைப் பார்த்தேன். மேசை பளபளவென்று இருந்தது.

"குடுத்தாச்சே!" என்றாள் அக்காக்காரி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பல. கடைசில வந்த பஸ் கண்டக்டருக்குக்கூட ஒண்ணு குடுத்தாச்சு. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது."

 கமிட்டித் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏ மதினி, உலகத்துல கல்யாணத்துக்கு வந்தவுகளுக்குத் தாம்பூலம் குடுப்பாக. கல்யாணப் பொண்ணையே பையில போட்டுக் குடுத்து அனுப்புனது நீங்க ஒருத்திதான்!"

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டிரம்பெட்டைத் தரையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்புறம்தான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கண்ணிலும் தண்ணீர். ஆனால் அது வேறு தண்ணீர்.

"நாளைக்குக் காலைல ஆபீஸர் வாராக. ஒரு புத்தகம்கூட இல்லாம நான் என்ன நூலகத்தைக் காட்டுறது?"

எங்கள் சிரிப்பு டப்பென்று நின்றது.

உடனே குட்டியானையை எடுத்தோம். நான், கொழுந்தனார், மாஸ்டர் மூன்று பேரும் ஏறினோம். வீடு வீடாகப் போய் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தோம். முதல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டோம்.

"என்ன மதினி, குடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேக்க வந்துட்டீக?" என்றாள் அந்த வீட்டுக்காரி. முகம் சிவந்துவிட்டது. "எங்க மேல என்ன குறை கண்டீக? நல்லா வாய் நெறைய வாங்கன்னு கூப்புட்டுட்டு..."

"அதில்லத்தா, உள்ள இருக்கற புத்தகம் மட்டும்..."

"தாம்பூலத்துல பாதிய மட்டும் திருப்பித் தரவா? எங்கயாச்சும் உண்டா?"

அடுத்த வீட்டிலும் அதே கதை. வாங்கின தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் இனிமேல் உறவு வேண்டாம் என்று அர்த்தம். திருப்பிக் கேட்பது அதைவிடக் கேவலம். "எங்க ஆளுககிட்டயும் அதே கததான் அக்கா" என்றார் மாஸ்டர். "ஞாயித்துக்கிழம பூசை பாத்துட்டு வாரவுகளும் தாம்பூலம்னா தாம்பூலம்தான்." இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் கட்டிலில் படுத்தபடி புத்தகத்தை நெஞ்சு மேல் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் போலீஸ்காரன் வீட்டுக்குள்ள நொழஞ்சிருக்கான். கொலைகாரன் யாருன்னு தெரியாம தர மாட்டேன், போத்தா!" என்று விரட்டிவிட்டார்.

மூன்று பேரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். கொழுந்தனார் தலையைச் சொறிந்தார், மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நான் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. டீ பாதி குடித்திருப்பேன்.

"கொழுந்தனாரே, கல்யாணம் முடிஞ்சா அடுத்து என்ன?"

"என்ன, சண்டதான்."

"அதுக்கு முன்னால?"

மாஸ்டர் டம்ளரை டொக்கென்று வைத்தார். "மறுவீடு!"

"அப்பிடிக் கேளு! தாம்பூலத்தைத் திருப்பிக் குடுக்கத்தான மாட்டாக? மறுவீட்டுக்குச் சீர் கொண்டாரச் சொன்னா வேண்டாம்னு சொல்லுவாகளா? நாளைக்குக் காலைல நூலகத்துக்கு மறுவீடுன்னு சொல்லுங்க. அதே பைய அவுகவுக கையால கொண்டாரட்டும்."

கொழுந்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்தான் மறந்துவிட்டார், தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சாயங்காலம் அம்மன் கோயில் பூசை முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். அதே நேரம் மாதா கோயிலில் ஜெபம் முடிந்து, பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு மாஸ்டரும் அங்கே சொன்னார். ரெண்டு ஒலிபெருக்கியும் நடுத்தெருவில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. "நாளைக் காலை" என்று இங்கே ஆரம்பித்தால், "மறுவீடு" என்று அங்கே முடிகிறது. என்னைப் போல நடுத்தெருவில் வீடு இருக்கிறவர்களுக்கு முழுச் செய்தியும் கிடைத்தது! அல்லிநகரம், பண்ணைப்புரம் ஆட்களுக்கு அவரவர் சொந்தக்காரர்கள் போனில் சொன்னார்கள். பஸ் கண்டக்டருக்கு நானே சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் கலையரங்கத்தின் ஷட்டரைத் தூக்கி வைத்தோம். அலமாரி துடைத்துச் சுத்தமாக இருந்தது, வெறிச்சென்று. ஒரு மனுஷரையும் காணோம். ஆனால் ஆபீஸர் வந்துவிட்டார். டூவீலரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஃபேனைச் சுற்றவிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அலமாரியைப் பார்த்தார்.

"புத்தகம் எங்கம்மா?"

நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வாயைத் திறந்தேன். நல்ல பொய், பந்தல்காலுக்குக் கறையான் மருந்து வைப்பதுபோல புத்தகத்துக்கும் மருந்தடிக்கப் போயிருக்கிறது என்று சொல்லலாம் என்று. ஆனால் அந்தப் பிள்ளை முந்திவிட்டாள். குரல் நடுங்கியது, ஆனால் நிமிர்ந்து நின்றாள்.

"சார், மறைக்க விரும்பல. புத்தகம் பூராவும் நேத்துத் தாம்பூலப் பையில போயிருச்சு."

"எதுல?"

"தாம்பூலப் பையில சார்."

ஆபீஸர் ஹெல்மெட்டைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டார். ஏன் மாட்டினார் என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. அவள் முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் கேட்கக் கேட்கக் கறுத்தது. "இதை நான் ஆபீஸ்ல போய் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார்.

அப்போது மேலத்தெரு முனையில் டிரம் சத்தம் கேட்டது.

முதலில் பேண்டு. அதற்குப் பின்னால் முதல் நாளைவிடப் பெரிய கூட்டம். மறுவீட்டுக்கு வெறும் பையை யார் கொண்டுவருவார்? தாம்பாளத்தில் திராட்சை, வாழைப்பழம், அதிரசம், அதற்கு நடுவில் மஞ்சள் பை. சில வீட்டில் புத்தகத்துக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். அட்டை கிழிந்திருந்த புத்தகத்துக்கு யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார்கள். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஒரு கை நிறையப் பையோடு இறங்கி, "அல்லிநகரம் சீர்!" என்று கத்தினார்.

ஆபீஸர் நகர்ந்து ஓரமாக நின்றார். அந்தப் பிள்ளை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக வாங்கினாள். முதலில் சண்டைக்கு வந்தாளே, அந்த வீட்டுக்காரி பையை நீட்டிவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, விடுங்க" என்றாள் இவள்.

"இது முத பாகம். கதையில வார பிள்ள ரயில்ல ஏறுறதோட நிக்குது. ரெண்டாம் பாகம் கீழத்தெருக்காரிகிட்ட இருக்கு. கேட்டா, முத பாகத்தை நீ தா, அப்பத்தான் தருவேன்ங்கிறா. அவ முத பாகத்தைப் படிக்காமயே ரெண்டாம் பாகத்தை முடிச்சிட்டா, கிறுக்கி!"

"யாருடி கிறுக்கி?" என்று வரிசைக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது. "அந்தப் பிள்ள கடைசில என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லிறவா?"

"வேணாம் வேணாம்!" வரிசையில் நின்ற பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆபீஸர் அப்போதுதான் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு ஹெல்மெட்டுக்குக் கீழே தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற கட்டில் பெரியவரைப் பார்த்து, "ஐயா, நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"முடிச்சாச்சு தம்பி. சமையக்காரன்தான் கொலைகாரன். நான் பாதிலயே சொன்னேன், இந்த மூணு பேரும் வந்து கலைச்சுட்டாக."

"இன்னும் வராத புத்தகம் இருக்குமே? அதுக்கு யார் பொறுப்பு?" என்று ஆபீஸர் அந்தப் பிள்ளையைக் கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"நாங்க!" என்றார் கொழுந்தனார். "நாங்க!" என்றார் மாஸ்டர். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் யார் முதலில் சொன்னார் என்று இன்றைக்கும் தகராறு நடக்கிறது. நான் சொன்னதை அந்தச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

 ஆபீஸர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எடம் இருக்கு. அலமாரி இருக்கு. ஆளும் வேணுங்கிற அளவுக்கு மேலயே இருக்கு. அங்க கட்டடம் சரியாகுற வரைக்கும் கிளை இங்கயே நடக்கட்டும். நான் எழுதிக் குடுத்துர்றேன். நீங்களே பாத்துக்கங்கம்மா." அப்புறம் விரலை ஆட்டினார். "ஆனா இனிமே புத்தகம் வெளிய போனா, கையெழுத்துப் போட்டுத்தான் போகணும். தேங்காய் வச்சு இல்ல."

குலவை கிளம்பியது பாருங்கள்! பேண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கொழுந்தனார் மாஸ்டரைக் கட்டிப்பிடித்தார், டிரம்பெட் நடுவில் மாட்டி ரெண்டு பேரும் "ஐயோ" என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நாலு வார்த்தை பேச என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? மேடை ஓரத்துக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தேன். "என் அருமை ஊர்ப் பெரியோர்களே" என்று ஆரம்பித்தேன். என்னென்ன பேச வேண்டும் என்று எல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வரும்.

அந்தப் பிள்ளை மேசையிலிருந்து எழுந்து வந்தாள். நேரே சுவருக்குப் போய் மைக் செட்டு சுவிட்சை அணைத்தாள். அது என் மைக் செட்டு!

"பெரியம்மா, நூலகம் தெறந்தாச்சு" என்றாள். "இங்கன சத்தம் போடக் கூடாது."

முந்தின நாள் அழுத பிள்ளைதான். ஆனால் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எங்கள் ஊரில் என்னிடம் இப்படிப் பேசின ஆள் அதுவரை பிறந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வருமா என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. மைக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, செருப்புச் சத்தம்கூட வராமல் போய் என் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் பாதி ஊதின காற்றைக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொழுந்தனார் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கையில் தாம்பாளத்தோடு அத்தனை ஜனமும் கப்சிப்.

அவள் திரும்பிப் போய் மேசையில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அடுத்தவுக வாங்க" என்றாள், மெதுவாக.